வாசனைக்கு வந்தவர்கள்

ஆப்பிள் துண்டுகள் நூலில் கோத்துத் தொங்கும் பருவம் வந்துவிட்டால் புருல்சாவை வீட்டை விட்டுக் கிளப்ப முடியாது. அந்த இலையுதிர் காலத்தில் இது ரொம்பவே முற்றிப்போனது. கணவன் ஓர்மோன் வசந்தத்தில்தான் போய்ச் சேர்ந்திருந்தான். ஆனாலும் அவள் முகத்தில் புது மணப்பெண்ணின் களை.

வியாழக்கிழமை மாலை எண்ணெய் காயவைத்து மாவுத் துண்டுகளைப் பொரிப்பது மலையடிவாரத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பொரித்த அந்த போர்சோக்கைத் தின்பது உயிரோடு இருப்பவர்கள். வாசனை மட்டும் செத்தவர்களுக்கு. புருல்சாவும் அப்படித்தான் பொரித்தாள். மறுநாள் காலை வாசலில் விறகு அடுக்கியிருந்தது. ஓர்மோன் உட்காரும் இடத்தில் வெறும் கிண்ணத்தை வைத்துவிட்டு மாட்டைக் கட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால், கிண்ணம் சூடாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் நாள் கிழமை பார்க்கவில்லை. தினமும் எண்ணெய்ச் சட்டி ஏறியது.

கெட்டில் முனகும். கம்பளி நூல் விரலில் ஓடும். ஜன்னலில் மஞ்சள் வெயில் சாயும். பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவார்கள். இதைவிட என்ன வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். நாய் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் வர மறுத்தது.

ஓர்மோனின் தங்கை கலிபா ஒருநாள் பிற்பகலில் வந்தாள். சூடான போர்சோக் ஒன்றைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்தாள்.

"என்ன அண்ணி இது, மண்ணு மாதிரி இருக்கு? வாசனையே இல்லையே!"

"உங்க அண்ணன் மிச்சம் வைச்சாத்தானே!" புருல்சா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "தினம் வர்றாருடி. விறகுகூட எடுத்து வைக்கிறாரு."

"யாரு, எங்கண்ணனா? உசுரோட இருந்தப்ப ஒரு சுள்ளி எடுத்துப் போட்டிருக்கானா?"

"செத்துத்தான் திருந்தணும்னு இருந்திருக்கு."

கலிபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தினம் வாசனை காட்டினா வந்தவங்க எப்படித் திரும்பிப் போவாங்க? அதுவும் ஊர்ல பாதி வீடு பூட்டிக் கெடக்கு. எல்லாரும் ரஷ்யாவுக்குப் போயிட்டாங்க. அவங்க வீட்டுச் செத்தவங்களுக்கு யாரு பொரிக்கிறா? நீங்க ஒருத்திதான்."

வர்றது யாருன்னு தடத்துல தெரியட்டும் என்று நிலைப்படியிலிருந்து அடுப்புவரை ஒரு கை மாவைத் தூவினாள். இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். சட்டியில் எண்ணெய் சடசடத்தது. முதுகுக்குப் பின்னால் குளிர் ஒன்று மெல்ல நகர்ந்துபோனது. புருல்சா முகத்தில் புன்னகை. எத்தனையோ வருடமாகப் பழகிய கணவன் அல்லவா, என்ன பயம்?

திரும்பிப் பார்த்தார்கள். மாவு முழுக்கக் காலடிகள். குதிகால் வைத்த செருப்பு, கிழவன் ஒருவனின் ஊன்றுகோல், ஒரு குழந்தையின் வெறுங்கால். எல்லாம் உள்ளே வந்தவை. வெளியே போனது ஒன்றுகூட இல்லை.

புருல்சா மண்டியிட்டுத் தேடினாள். குதிரையிலிருந்து விழுந்ததிலிருந்து ஓர்மோன் வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். கோடு போட்டதுபோல் தடம் விழும். அந்தக் கோடு எங்கேயும் இல்லை.

"அவரு வரவே இல்லையாடி?" என்றாள். ஆற்றங்கரையில் அவனைப் புதைத்த அன்று வராத அழுகை இப்போது வந்தது. இத்தனை நாளும் யாருக்கோ கிண்ணம் வைத்திருக்கிறாள், யாரோடோ சிரித்திருக்கிறாள்.

கலிபா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அடுப்ப அணைங்க அண்ணி. எங்கூட வந்துடுங்க. இவங்க யாரும் நம்ம ஆளுங்க இல்ல."

புருல்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையின் காலடிகள் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, கூச்சப்பட்டதுபோல் நின்றிருந்தன. அவள் வெகுநேரம் அவற்றையே பார்த்தாள். பிறகு எழுந்து, விருந்தாளிகளுக்கென்று மடித்து வைத்திருந்த மெத்தைகளை எல்லாம் இறக்கிச் சுற்றிலும் விரித்தாள்.

"தள்ளி உக்காருங்க. புள்ளைக்கு அடுப்புப் பக்கம் எடம் விடுங்க" என்றாள் காலி அறையைப் பார்த்து.

மெத்தைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. கலிபா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

புருல்சா கதவைப் பிடித்தபடி பாதையைப் பார்த்து நின்றாள். காற்று சில்லென்று உள்ளே வந்தது. காலை இழுத்துக்கொண்டு யாரும் வரவில்லை. குழந்தைக்குக் குளிருமே என்று கதவைச் சாத்தினாள்.