ஏழாம் நம்பர் ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் என் முதுகுக்குப் பின்னால் வழங்கும் பெயர் ஊசிப்பட்டாசு. உருவம் சின்னது, சத்தம் பெரியது என்று அர்த்தம். வைத்தவர்கள் யாரென்றும் தெரியும். ஃப்ளூ வைரஸைக் கையாளவும், தடுப்பூசி வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் நான் பழக்கிவிட்ட பிள்ளைகள்தான்.

அந்த ஆண்டு பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருத்தியை எல்லோரும் வக்கீல் என்று கூப்பிட்டார்கள். எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். அவளுடைய பயிற்சி மாதக் கடைசியோடு முடிகிறது. கடைசித் தேர்வில் தேறினால் இங்கேயே இரண்டு வருட ஆராய்ச்சி வேலை. தவறினால் வீட்டுக்குப் போய் அப்பாவின் மருந்துக் கடையில் இருமல் மருந்து விற்க வேண்டும். அப்பா ஏற்கெனவே அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டாராம்.

தேர்வு இதுதான். ஆய்வகத்தில் நாங்கள் பதினொரு பேர். தடுப்பூசிக்கு முன் ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் குமாஸ்தாவின் அலமாரிக்குள் பூட்டியிருந்தது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தால், தட்டிலுள்ள குழியின் அடியில் சிவப்பணுக்கள் இறங்கிப் பொட்டு வைத்ததுபோல் நிற்கும். இல்லாவிட்டால் பரவிக் கிடக்கும். ஊசிக்குப் பிறகு பொட்டுகள் கூட வேண்டும். பதினொருவருக்கும் சந்தேகமில்லாத முடிவைக் கொடுத்தால் தேர்ச்சி.

வக்கீல் தட்டுகளைப் படமெடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"பத்துப் பேருக்கு ஏறியிருக்கு மேடம். ஏழாம் நம்பர் மட்டும் அசையவே இல்ல. சிலருக்கு ஊசி போட்டாலும் சரியா ஏறாதுதான். ஆனா ஊசியில இருக்கற மூணு வகை வைரஸுக்கும் துளிகூட ஏறாம இருக்குமா?"

ஏழாம் நம்பர் நான். குழாயில் எண் ஒட்டும்போது பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டேன். நான் ஊசி போட்டுக்கொள்ளாததும் உண்மை. பயமெல்லாம் இல்லை. ஆய்வகத்தில் தடுப்பூசி முகாம் நடந்த அன்று காலையிலிருந்து ஒவ்வொருவராக இழுத்து வந்து வரிசையில் நிறுத்தினேன். என் முறை வந்தபோது நர்ஸ் சாப்பிடப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துச் செய்திமடலுக்குப் படமெடுக்க ஆள் வந்து நின்றார். ஒரு பிளாஸ்திரியைத் தோளில் ஒட்டிக்கொண்டு சிரித்தேன். நாளைக்குப் போட்டுக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை. படம் மட்டும் "நான் போட்டுக்கொண்டேன், நீங்கள்?" என்ற கேள்வியோடு வாசல் பலகையில் தொங்கியது.

"உன் கை சரியில்ல," என்றேன். "துளி விடற பிப்பெட்டை அழுத்தறப்ப அவசரப்படற. திரும்பச் செய்."

திரும்பச் செய்தாள். அதே கதை. சிவப்பணு பழசாகியிருக்கும் என்று ஒரு சப்பைக்கட்டு கட்டினேன். புதுச் சிவப்பணு வரவழைத்து மூன்றாவது தடவையும் செய்தாள். ஏழு நகரவில்லை. இன்னொரு தடவை செய் என்று கூசாமல் சொன்னேன்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது வீட்டுக்காரரிடம் அவளைப் பற்றிப் புலம்பினேன்.

"அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி செய்யச் சொல்ற?"

டீ ஆறிப்போய்விட்டது என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவருடைய டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

அன்று வாராந்தரக் கூட்டம். நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வக்கீல் தேர்வுப் படிவத்தை விரித்துவைத்தாள்.

"ஏழாம் நம்பரைப் பத்தி ஒரு வரி எழுதணும் மேடம். ஒண்ணு, அந்த ஆள் ஊசி போட்டுக்கல. இல்லன்னா, என் கை சரியில்ல. ரெண்டுல எதை எழுதட்டும்?"

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவள் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படித்தேன். 'என்' என்று எழுதி, பக்கத்தில் 'கை' என்று எழுதினாள். அந்தக் கையை எட்டு மாதம் பழக்கியவள் நான். இந்தக் கட்டடத்தில் அதைவிட நம்பகமான கை கிடையாது, என்னுடையதையும் சேர்த்துத்தான். ஒரு பிளாஸ்திரிக்காக அதைப் பலி கொடுக்க உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"நிறுத்து," என்றேன். "ஏழு நான்தான். ஊசி போட்டுக்கல."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் முதலில் உறைத்தது. குமாஸ்தா மின்விசிறியை ஆராய்ந்தார். வக்கீல் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். கதவோரம் நர்ஸ் பஞ்சும் கையுமாக நின்றார்.

"ஊசி பதினொண்ணு வந்துச்சு மேடம், பத்துதான் போட்டேன்," என்றார் நர்ஸ். "மிச்சம் யாருக்குன்னு இந்தப் பொண்ணு நேத்து வந்து கேட்டுச்சு."

கோட்டைக் கழற்றி, அத்தனை பேர் முன்னாலும் கையை நீட்டினேன். வலிக்கிற அதே கையால் அவளுடைய தேர்ச்சிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து என் ரத்தத்தை எடுத்துச் சோதித்தாள். போய்ப் பார்த்தேன். குழிக்குக் குழி சிவப்பாகப் பொட்டு நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழக்க தோஷத்தில் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

"பாத்தியா, இப்ப உன் கை நல்லா வந்திருச்சு."

"அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு மேடம்," என்றாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.