கல்கல் பக்கத்துக்கு எந்த உரிமம்

12 நவம்பர் 2025, புதன்

போன வாரம் வகுப்பில் தவறாக ஒன்று சொல்லிவிட்டேன். எங்கள் மாலை வகுப்பு சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு இப்போதைக்கு ஏதாவது ஓர் உரிமத்தைப் போடுவோம், பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அது முடியாது. திறந்த உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியில், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற இயலாது. நேற்று முழு வாசகத்தையும் படித்தபோதுதான் தெரிந்தது. முதலிலேயே படித்திருக்க வேண்டும். உரிமத்தைப் பற்றிப் படித்துச் சொல்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

இன்று பிரேசர் டவுனில் நடக்கும் எங்கள் வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னேன். தளம் வெள்ளிக்கிழமை பொதுவில் திறக்கிறது.

"மாத்த முடியாதுன்னா நான் யோசிக்கணும், மகா" என்றார் மௌரீன் அக்கா.

கல்கல் பக்கத்தைத் தொடங்கியவர் அவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் கல்கல் என்ற இனிப்பைச் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவர். மாவைப் புதுச் சீப்பின் மேல் வைத்து உருட்டுவது முதல் சர்க்கரைப் பாகின் பதம் வரை எழுதியிருக்கிறார். அதன் மேல் நாங்கள் எல்லோரும் வரிகள் சேர்த்துவிட்டோம். அவர் பின்வாங்கினால் பக்கத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

"விக்கக் கூடாதுன்னு ஒரு உரிமம் இருக்குன்னு சொன்னியே, அதைப் போடு."

கூடப் படிக்கும் முனிராஜ் விடவில்லை. அடுகோடிப் பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பக்கங்களைச் சின்னப் புத்தகமாக்கி விற்க ஆசை. "அப்போ என் புக்குக்கும் ஆப்பு. எங்க தெருவுல யாருக்கா கம்ப்யூட்டர்ல படிக்கறாங்க?"

"உன்னைச் சொல்லலப்பா. பெரிய ஸ்வீட் கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான்னா?"

"சும்னே பயப்படறீங்க" என்றார் முனிராஜ், சும்மா என்பதைக் கன்னடத்தில் சொல்லி. "சீப்புல உருட்டறதுன்னு பாக்கெட்ல போட்டா ஒருத்தனும் வாங்க மாட்டான். தலை வாருன சீப்புன்னு நினைப்பான்."

"புதுச் சீப்புடா, கழுதை!"

சிரிப்பு அடங்கியதும் இன்னோர் உரிமத்தை விளக்கினேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றி எழுதி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும்.

மௌரீன் அக்கா பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தார். "பக்கத்து வீட்டு ஜானகிக்குக் கல்கல் தட்டு அனுப்பறேன்ல. அவங்க தட்டைக் காலியா திருப்பித் தர மாட்டாங்க. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவாங்க. அதானே இது?"

"அதேதான்க்கா" என்றேன்.

"அப்ப சரி. போட்டுக்கோ."

முனிராஜ் மேசையைத் தட்டினார். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான்.

பேருந்தில் வரும்போதுதான் உறுத்தத் தொடங்கியது. தட்டு போகும் வீட்டை அக்காவுக்குத் தெரியும். உரிமம் அப்படி யார் வீடு என்று பார்ப்பதில்லை. அவர் பயந்த அதே ஸ்வீட் கம்பெனி அவர் வரிகளைப் பெயரோடு பாக்கெட்டில் அச்சடித்து விற்கலாம். எதையும் மாற்றாமல் அப்படியே போட்டால், திருப்பித் திறந்துவிட அவர்களிடம் புதிதாக ஒன்றும் இருக்காது. தட்டு காலியாகவே வரும். அதுவும் உரிமத்துக்கு உட்பட்டதுதான்.

'யாரும்' என்று சொன்னேனே, அதில் கம்பெனியும் அடக்கம் என்று என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஆனால் அவர் கேட்ட ஒரே கேள்வி கம்பெனியைப் பற்றியது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உதாரணம் அழகாக இருந்தது, தலையாட்டிவிட்டேன். முனிராஜின் புத்தகம் வர வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருந்திருக்கலாம், தெரியவில்லை. அக்கா சம்மதம் தந்தது ஜானகி வீட்டுத் தட்டுக்கு. அதை உரிமத்துக்கான சம்மதமாக நான் எடுத்துக்கொள்ள முடியாது.

நாளை வகுப்புக்கு முன் மௌரீன் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். கம்பெனிகளும் விற்கலாம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, மறுபடி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், தளம் முழுவதற்கும் ஒரே உரிமம் என்பதால், கல்கல் பக்கத்தை எடுத்துவிட்டு, முனிராஜிடம் நானே சொல்ல வேண்டும்.