மூன்றாவது குழி

பெயிண்டர் துணியை விலக்கிப் பார்த்தார். என் உள்ளங்கையில் இருந்த சின்னக் காரையும், பட்டறையின் நடுவில் நின்ற பெரிய காரையும் மாறி மாறிப் பார்த்தார். மெச்சப் போகிறார் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏம்ப்பா, பச்சை அடிச்சிருக்க?" என்றார்.

"எது பச்சை?"

"இதுதான். உன் கையில இருக்கிறது."

"அண்ணே, அந்தக் கார் என்ன நிறமோ அதைத்தான் அடிச்சிருக்கேன்."

"அது பிரவுன்."

"இதுவும் பிரவுன்தானே?"

பெயிண்டர் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று. இல்லை என்று தெரிந்ததும் அவருக்குக் குழப்பம் கூடிவிட்டது. "முதலாளி சனிக்கிழமை வர்றாரு. விளையாடாத. இதை எடுத்துட்டுப் போய் ஒழுங்கா அடிச்சுட்டு வா" என்று துணியைப் போட்டு மூடினார்.

நான் பட்டறைக்கு அடுத்த குடோனில் மூட்டை தூக்குகிறவன். தூக்கியவன் என்றும் சொல்லலாம். முதுகுத் தண்டில் ஒரு எலும்பு நழுவியிருக்கிறது, இனியும் தூக்கினால் கால் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வேலை எனக்கு என்ன தெரியும்? பொம்மைக் கார் செய்யத் தெரியும். அட்டைப்பெட்டியில் பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பாகங்கள் வரும். கதவு, இருக்கை, சக்கரம், எறும்பு திறக்கிற அளவில் கைப்பிடி. வெட்டி எடுத்து, தழும்பைத் தேய்த்து, ஒட்டி, ஒட்டின இடத்துப் பள்ளத்தைப் புட்டிப் பசையால் அடைத்து, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, சாம்பல் நிற ப்ரைமர் பூசி, அதற்குமேல் பெயிண்ட். காய்கிறவரை தூசி படாமல் சட்டியைக் கவிழ்த்து வைப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நரை வந்த பிறகுதான். அதற்கு முன்பே படம் பார்த்துச் செய்து பழகிவிட்டேன். மனிதனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டுமே.

நான் குடோனுக்குக் கொண்டுபோயிருந்த அந்தக் கார்களில் இரண்டை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெயிண்டர் பார்த்துவிட்டார். அவருடைய உதவியாள் வேலையை விட்டுப் போகப்போகிறான். முதலாளிக்குத் தன் பழைய பிரவுன் கார் மேல் உயிர். அதே மாதிரி ஒரு சின்னக் கார் செய்து கொண்டு வா, காட்டி உன்னை உள்ளே இழுத்துவிடுகிறேன் என்றார். ஸ்பிரே துப்பாக்கி மூட்டை கனமா கனக்கப்போகிறது? என் முதுகு பிழைப்பதும் பிழைக்காததும் அந்தச் சின்னக் காரில்தான் இருந்தது.

அதைத்தான் பச்சை என்கிறார்.

வெளியே வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பட்டறைக் கதவு வழியாகப் பெரிய காரையும் பார்த்தேன். இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தன. என்னை வைத்து வேடிக்கை காட்டுகிறார் என்று தோன்றியது. குடோன் வாட்ச்மேன் வாசலில் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன நிறம்?"

"பச்சை."

"பெயிண்டர் உங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சாரா?"

"பெயிண்டரா? யோவ், நான் இன்னும் பல்லே விளக்கல."

வீட்டுக்குப் போனேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். காரை அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்ன நிறம்?"

"பச்சை. ஏங்க, கீழ போட்டுட்டீங்களா?"

"பச்சைன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? பச்சை அடிச்சீங்க, பச்சையா இருக்கு. அந்தப் பெரிய காரை நான் என்ன பார்த்தேனா? அதுவும் பச்சைன்னு நெனச்சேன்."

பெட்டியை எடுத்துவந்தேன். பெயிண்ட் பாட்டில்களுக்காக நானே செய்த மரப்பெட்டி. பாட்டில் உட்காரும்படி குழி குழியாகத் தோண்டியிருப்பேன். லேபிள் எல்லாம் பெயிண்ட் கரைக்கிற தின்னர் பட்டு எப்போதோ உரிந்துபோனவை. மூன்றாவது குழியில் இருந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"இதைத்தான் அடிச்சேன். இது பிரவுன்தானே?"

"இது பச்சைங்க."

"மூணாவது குழி பிரவுன்!"

"குழிக்கு ஏதுங்க நிறம்? வீடு மாத்தினப்போ பெட்டி கவுந்து எல்லாம் உருண்டுச்சு. நான்தான் துடைச்சு வச்சேன். நிறைஞ்சது ஒரு பக்கம், காலியாகப் போறது ஒரு பக்கம்."

"என்னைக் கேக்காம எப்படி மாத்தலாம்?"

"கண்ணு இருக்குல்ல, பார்த்து எடுக்க மாட்டீங்களா?"

பார்த்துத்தான் எடுத்தேன். அதுதான் எனக்குப் புரியவில்லை. பார்த்தேன், பெரிய காரின் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன், ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் இருந்தால் அடித்திருப்பேனா?

மருந்துக்கடையில் வேலை செய்கிற மகள் சாப்பிட வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, சோற்றுக் கையை அலம்பிக்கொண்டு வந்து, பாட்டில்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ஒன்றைக் காட்டினாள்.

"இது?"

"பிரவுன்."

"இது?"

"அதே பாட்டிலைத்தான் திருப்பிக் காட்டுற. ஏமாத்தாத."

மகள் இரண்டு கையையும் ஒன்றாக நீட்டினாள். இரண்டு பாட்டில் இருந்தன. ஒன்று கொஞ்சம் வெளிறியது, ஒன்று கொஞ்சம் அடர்த்தி. அவ்வளவுதான்.

"அப்பா, ஒண்ணு பச்சை, ஒண்ணு பிரவுன்."

"இதுக்கும் அதுக்குமா இத்தனை கூச்சல்?"

தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு பார்வையை என்னைச் சுற்றி நான் பார்த்ததில்லை. செத்த வீட்டில்கூட இல்லை.

"உங்க கண்ணு சில நிறத்தைப் பிரிக்காதுப்பா" என்றாள் மகள். "எங்க கடைக்கு வர்ற ஒருத்தருக்கும் இப்படித்தான். பொறந்ததுல இருந்தே இருக்கும்."

"அப்போ இந்த அலமாரியில இருக்கிற கார் எல்லாம்?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

யோசித்துப் பார்த்தேன். பெயிண்ட் தீர்ந்தால் கடைக்காரரிடம் பிரவுன் கொடு என்று கேட்பேன். அவர் எடுத்துத் தருவார். கொண்டுவந்து காலிப் பாட்டில் இருந்த குழியிலேயே வைப்பேன். கை தானாக அந்தக் குழிக்குப் போகும். கண்ணால் பார்த்து அடிப்பதாக நினைத்துக்கொண்டு, இத்தனை வருடம் குழியைப் பார்த்து அடித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போயிருந்தால் கலர் பென்சில் பிடிக்கும்போதே வாத்தியார் கண்டுபிடித்திருப்பார். நான் போகவில்லை. மூட்டை எந்த நிறமாக இருந்தால் முதுகுக்கு என்ன?

மனைவிக்குத் திடீரென்று ஏதோ பிடிபட்டது. "அதான் தக்காளி!" என்றாள்.

"என்ன தக்காளி?"

"கல்யாணம் ஆன புதுசுல, பழமா பார்த்து வாங்கிட்டு வாங்கன்னா பாதி காயா வாங்கிட்டு வருவீங்க. கவனமே இல்லாத மனுஷன்னு அப்புறம் உங்களை அனுப்புறதையே விட்டேன். எவ்வளவு திட்டியிருப்பேன்!"

"நீ என்னை வெயில்ல அலைய விடக் கூடாதுன்னுதான் அனுப்பலைன்னு நான் நெனச்சேன்."

"ஆசைதான்" என்றாள். சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு வேறு ஒன்று குடைந்தது. "சரிம்மா, ரெண்டும் எனக்கு ஒண்ணா இருக்கு. அப்போ நான் பச்சையை எல்லாம் பிரவுனா பார்க்கிறேனா, இல்ல பிரவுனை எல்லாம் பச்சையா பார்க்கிறேனா?"

மகள் பாட்டில்களைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். "அது எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் என்ன உங்க கண்ணுக்குள்ளயா இருக்கேன்?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நின்றது. அதை இனி என்னவென்று பார்ப்பது என்று தெரியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள் மனைவி. "மறுபடி பிரவுன் அடிங்க. நாங்க பார்த்துச் சொல்றோம். வேலை கிடைச்ச பிறகு பார்த்துக்கலாம்."

நடுவில் ஒரு பூச்சு ப்ரைமர் அடிக்க வழியில்லை. பூச்சு கனத்தால் கதவுக் கோடு, பானெட் கோடு எல்லாம் மூடிப்போய் கார் சோப்புக்கட்டி ஆகிவிடும். அதனால் பச்சையை லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேல் நேராகப் பிரவுன். மகள் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். தூரிகையைத் தொட்டு முதல் இழுப்பு இழுத்தேன். பூசின இடம் எது, பூசாத இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஈரம் மினுங்குகிறவரை தெரியும். காய்ந்ததும் காணாமல் போய்விடும். தண்ணீரைத் தொட்டுத் தண்ணீரில் கோடு போட்ட மாதிரி இருந்தது.

இந்தக் கிறுக்கைக் கண்டாலே ஆகாத என் மனைவி, அன்று என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"கதவுக்குக் கீழ பச்சை தெரியுது."

"எங்க?"

"அங்கதாங்க. ஐயோ, அங்க இல்ல, இந்தப் பக்கம்."

"விரலைக் காட்டு. படாம காட்டு!"

"பட்டுடுச்சு."

அவள் விரல்ரேகை கூரையில் விழுந்தது. தேய்த்தேன். மறுபடி பூசினேன். அவள் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரியாத ஒரு நிறத்தை, எனக்குத் தெரியாத இன்னொரு நிறத்தின் மேல் பூசிக்கொண்டிருந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவருக்குச் சவரம் செய்வது இதைவிடச் சுலபம்.

முடித்தபோது "முடிஞ்சுதா?" என்று நான்தான் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சட்டைப்பை மேல் கையை வைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன். பச்சையாகவே இருந்துவிட்டால்? என் மனம் நோகக் கூடாதென்று இரண்டு பேரும் பொய் சொல்லியிருந்தால்? எடுத்துப் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்?

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காரை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு அதைப் பெரிய காரின் பானெட் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "அட! குட்டி போட்டிருக்கே!" என்றார். எனக்கு மூச்சு வந்தது. பெயிண்டர் எனக்குக் கண்ணடித்தார்.

"ஆளைச் சேர்த்துக்க" என்றார் முதலாளி. சொன்னவர் போய்விட்டிருக்கலாம். போகவில்லை. சுவரில் சாய்த்திருந்த ஒரு கார்க் கதவைக் காட்டினார். "உன் கண்ணு நல்ல கண்ணா இருக்கு. இந்தா, இதுல கீறல் விழுந்த இடத்துக்கு நேத்து டச்-அப் அடிச்சது. கஸ்டமர் இப்போ வந்துடுவாரு. ஷேடு ஒத்துப்போகுதா, சொல்லு."

கதவைப் பார்த்தேன். கதவு கதவாக இருந்தது. எங்கே டச்-அப், எங்கே பழையது, ஒன்றும் தெரியவில்லை. முதலாளியின் முதுகுக்குப் பின்னால் பெயிண்டர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஒத்துப்போகவில்லை என்று சொல் என்கிறார். சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் நாளைக்கு? என் மனைவி இங்கே வந்து தோளுக்குப் பின்னால் நின்று விரலை நீட்டிக்கொண்டிருப்பாளா? யாரோ ஒருத்தர் தன் காரை நம்பி விட்டுவிட்டுப் போவார், நான் அதில் எதையோ பூசி வைப்பேன்.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"நல்லா பாரு."

"எவ்வளவு பார்த்தாலும் தெரியாதுங்க. பச்சையும் பிரவுனும் எனக்கு ஒண்ணுதான்."

பெயிண்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். முதலாளி என்னையும் சின்னக் காரையும் பார்த்தார்.

"அப்போ இதை யாரு அடிச்சது?"

"நான்தாங்க."

"எப்படி?"

"வீட்டுக்காரி பக்கத்துல நின்னு சொன்னா."

"அடிச்சது நீ, பார்த்தது அவங்க." முதலாளிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. "அந்த வேலைக்கு உன்னை எடுக்க முடியாதுப்பா" என்றார்.

"தெரியுங்க."

காரை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. நகத்தால் அதன் பக்கவாட்டில், இரண்டு பாகம் ஒட்டின இடத்தைத் தேடித் தேடித் தடவினார்.

"இதைத் தேய்ச்சது யாரு? அதுக்கும் வீட்டுல நின்னு சொன்னாங்களா?"

"இல்லைங்க. அது கை பார்க்கிற வேலை."

முதலாளி பெயிண்டர் பக்கம் திரும்பி, "ப்ரைமர் ரூம்ல தேய்க்க ஆள் போடு, உட்கார்ந்துக்கிட்டே செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு, சின்னக் காரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அது இரக்கமா, மெச்சலா, காருக்கு விலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயிண்டரைக் கேட்டேன். "கிடைச்சதை வச்சுக்கிட்டுக் கம்முனு இரு. இனிமே என் மானத்தை வாங்காத" என்றார்.

திங்கட்கிழமை பின்னால் இருக்கிற அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். முதுகு வலித்தது, ஆனால் ஆளைக் கொல்கிற வலி இல்லை. ஒரு கார் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. உச்சி முதல் அடி வரை ப்ரைமர். பெயிண்டர் வாளியையும் தாளையும் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, இது என்ன நிறம்?"

"மறுபடி ஆரம்பிக்காத. சாம்பல்."

"எனக்கும் சாம்பல்தான் அண்ணே" என்றேன்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய சாம்பலும் என்னுடைய சாம்பலும் ஒன்றுதானா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தாளை வாளியில் முக்கி எடுத்து, கதவில் கையை வைத்தேன்.