நாற்காலியில் இருப்பவர் கங்காணி

புகைப்படக் கண்காட்சி திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர் செம்போம்பே என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பதினேழாம் எண் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

"வாத்தியாரே, இதை யார் எழுதினது?"

நான்தான் எழுதினேன். க்வேம்பாகோ கற்றாழைத் தோட்டத்தின் பழைய அலுவலக அலமாரியில் கிடைத்த நாற்பது படங்களுக்கும் நான்தான் குறிப்பு எழுதினேன். நார் உரிக்கும் இயந்திரம், வெயிலில் வெள்ளையாகக் காயும் நார், இலைக்கட்டு சுமந்த தள்ளுவண்டி, சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும் ஆட்கள். பதினேழாவது படத்தில், இயந்திரக் கொட்டகை முன்னால் பன்னிரண்டு பேர். நடுவில் ஒரு நாற்காலி. அதில் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக ஒருவர். அடியில் என் கையெழுத்து: '1961. இலை வெட்டும் குழு. நாற்காலியில் இருப்பவர் கங்காணி.'

"அந்தத் தொப்பி என்னுது. அந்த விசிலும் என்னுது. நாற்காலி போட்டதே எனக்குத்தான். உட்கார்ந்திருக்கிறவன் லுஹெண்டே."

"அப்ப நீங்க?"

பின்வரிசை ஓரத்தில் வெறுந்தலையோடு நின்ற இளைஞனை விரலால் தொட்டார். கையில் இலை வெட்டும் கத்தி. வாயெல்லாம் பல்.

எனக்குப் புரிந்துவிட்டது. செம்போம்பே ஸிகுவா இனத்தவர். லுஹெண்டே, தோட்ட வேலைக்கு மேற்கிலிருந்து ரயிலேறி வந்த நியாம்வேசி இனத்தவர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலிமுறை. ஒருத்தன் பொருளை இன்னொருத்தன் பட்டப்பகலில் பிடுங்கலாம், சாவு வீட்டில்கூட வம்பிழுக்கலாம். பறிகொடுத்தவன் கோபப்பட்டால் அவனுக்குத்தான் அவமானம். கோழியோ ஆடோ கொடுத்துத்தான் மீட்க வேண்டும்.

"படம் பிடிக்கிறவர் கேமராத் துணியைத் தலையில போட்டுக்கிட்டார். அந்த நேரம் பார்த்துப் புடுங்கிட்டான். வெள்ளைக்கார மேனேஜர் நிக்கிறார், நான் என்ன செய்ய? சாயங்காலம் ஒரு சேவல் கொடுத்துத்தான் தொப்பியை வாங்கினேன். இப்ப இதை உடனே மாத்தி எழுது. பத்து மணிக்கு ம்வாஜாபு வர்றா."

அதுதானா சங்கதி. பேருந்து நிலையத்தில் தேநீரும் மந்தாசிப் பணியாரமும் விற்கும் விதவை ம்வாஜாபுவை அவர் பெண் கேட்டு இரண்டு மாதமாகிறது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் கங்காணியாக இருந்தவன், படம் மாட்டுகிறார்கள், வந்து பார், அதற்கப்புறம் சொல் என்று இவரே சவால் விட்டிருக்கிறார். அறுபத்திரண்டு வயதில் வந்த ஆசை. என் குறிப்பு அதன் தலையில் கல்லைப் போட்டிருந்தது.

"சாட்சி வேணுமே," என்றேன். "நாளைக்கு வேற ஒருத்தர் வந்து நான்தான் கங்காணின்னு நின்னா?"

"இந்தப் படத்துல உசிரோட இருக்கிறது ரெண்டே பேர். நான் ஒருத்தன். இன்னொருத்தன் அவன்."

அந்த 'அவன்' வாசலிலேயே இருந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு லுஹெண்டே உள்ளே வந்து, படத்தைப் பார்த்து, என் குறிப்பைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கே வாத்தியாரே. உண்மையை எழுதினா எழுத்தே அழகா வருது."

"டேய், விளையாட்டு வேணாம்," என்றார் செம்போம்பே. "ம்வாஜாபு வர்ற நேரம். உள்ளதைச் சொல்லு."

"உள்ளதா? நீ என் குழுவுல இருந்த சோம்பேறி. நாளைக்கு மூணு கட்டு இலை வெட்டுவே, முப்பது தடவை தண்ணி குடிப்பே."

"ஒரு ஆடு தர்றேன்."

"ரெண்டு."

"ரெண்டா? உன் ஊர்ல ஆட்டை நீ கண்ணால பார்த்திருக்கியா?"

"அப்ப வேணாம். நாற்காலியில இருக்கிறவன் கங்காணி. எழுத்தே சொல்லுது."

ரெண்டு ஆட்டுக்குச் சரி என்று செம்போம்பே வாய் திறப்பதற்குள் ம்வாஜாபு வந்துவிட்டாள். மாவு ஒட்டிய கையைப் போர்த்தியிருந்த கங்காத் துணியில் துடைத்துக்கொண்டே, நேரே பதினேழாவது படத்துக்குப் போனாள். நாங்கள் மூவரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள்போலப் பின்னால் நின்றோம்.

"கங்காணின்னு போட்டிருக்கிறது லுஹெண்டே அண்ணன்ல?"

"நானேதான் தங்கச்சி," என்றார் லுஹெண்டே.

"காலைப் பார்த்தா அப்படித் தெரியலையே. முட்டி வரைக்கும் சாக்குத்துணி கட்டியிருக்கீங்க. எங்கப்பா இலை வெட்டினவர். முள்ளுக்குப் பயந்து அவரும் இப்படித்தான் கட்டிக்குவார். எந்தக் கங்காணி சாக்குக் கட்டினான்? பின்னாடி இளிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவர் காலுலதான் பூட்ஸ் இருக்கு."

செம்போம்பேயின் முகம் மலர்ந்தது. தொப்பி பறிபோன கதையை ஒரே மூச்சில் அவளிடம் கொட்டினார். நான் பேனாவை எடுத்தேன்.

"பொறு வாத்தியாரே," என்றாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மேனேஜர் முன்னாடி தொப்பி போச்சு, நாற்காலி போச்சு. அப்பவும் சிரிச்சுக்கிட்டா நின்னீங்க?"

"கேலிமுறைக்காரன்கிட்ட எப்படிக் கோபப்படறது? அதோட, அவன் மூஞ்சி அந்தத் தொப்பிக்குள்ள எப்படி இருந்துச்சுன்னு நீ பார்க்கல."

ம்வாஜாபு விரலில் மிச்சமிருந்த மாவைத் தட்டினாள்.

"என் வீட்டுக்காரரும் கங்காணிதான். பக்கத்துத் தோட்டத்துல. தேநீர்ல சர்க்கரை குறைஞ்சா கோப்பை சுவத்துல போய் விழும். நீங்களும் வந்து கங்காணி, கங்காணின்னு பெருமை அடிச்சதாலதான் ரெண்டு மாசமா நான் வாயைத் திறக்கல."

லுஹெண்டேயின் கண்ணில் வெளிச்சம் வந்தது. இப்படி ஒரு சந்தர்ப்பத்தை எந்த நியாம்வேசி விடுவான்?

"தங்கச்சி, பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடு. சத்தியமா இவன்தான் கங்காணி. ஆறு வருஷம். விசில் ஊதியே எங்க காதைக் கிழிச்சவன். வாத்தியாரே, எழுது, எழுது. பெரிய எழுத்துல எழுது."

காலையிலிருந்து கெஞ்சிக் கேட்ட சாட்சி கிடைத்துவிட்டது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. இப்போது லுஹெண்டே கேட்டிருந்தால், செம்போம்பே ஒரு மந்தையையே கொடுத்து அந்த வாயை மூடியிருப்பார்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் அவள் அவரிடம். "கங்காணியா இருந்தீங்களா, இல்லையா?"

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு தடவை கூரையையும் பார்த்தார்.

"இருந்தேன்," என்றார் மெல்ல. "இந்தப் படம் பிடிச்ச அன்னிக்கு மட்டும் இல்லை."

ம்வாஜாபு சிரித்தாள், துணியால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"எழுதினது அப்படியே இருக்கட்டும் வாத்தியாரே," என்றாள் என்னிடம். அவரிடம், "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் உங்க பெரியவங்களை எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு, மாவு புளித்துவிடும் என்று வேகமாகப் போய்விட்டாள்.

அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்த செம்போம்பே என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்," என்று முந்திக்கொண்டார் லுஹெண்டே. அன்று வியாழன்.