சமையலறைக்கு ஒரு வயர்

“அப்பா, அம்மா குரலும் போற வயரா போடுங்க.”

அந்த வீட்டில் வாய் திறந்து கேட்கக் கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். கேட்காதே என்று மகளிடம் சொல்லி வளர்த்ததும் அம்மாதான்.

டெலிபோன் வயரில் இரண்டு ரகம். வெள்ளையில் எல்லார் குரலும் போகும். கறுப்பில் ஆண் குரல் மட்டும் போகும். வெளியிலிருந்து வரும் எந்தக் குரலையும் பெண்கள் கேட்கலாம், பேசினால் மறுமுனைக்கு எட்டாது. கறுப்பை எலி கடிக்காது என்பதால் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அதுதான். கல்யாணமான வருடம் அப்பாவும் அதையே போட்டார். கடல் கடந்து போயிருந்த பெரியம்மா வாராவாரம் கூப்பிட்டாள். எழுதத் தெரியாத அம்மா ரிசீவருக்குள் தொண்டை கிழியப் பதில் சொன்னாள். “என்னடி, பேச மாட்டேங்கிற? என் மேல என்ன கோவம்?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பெரியம்மா, கூப்பிடுவதை விட்டாள். சில வருடங்களில் செத்தும் போனாள், தங்கையின் கோபத்துக்குக் காரணம் தெரியாமலே.

இந்த மழையில் சுவர் ஊறி வயர் செத்தது. லைன்மேன் இரண்டு ரகத்தையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடித்த மகள், வெளியூர் வேலைக்கு அன்றே கிளம்ப வேண்டும்.

“நீ போன் பண்ணு. அம்மா நல்லாருக்கான்னு நான் சொல்றேன்ல?” என்றார் அப்பா.

“நல்லா இல்லாதப்பவும் அதையேதான் சொல்வீங்க.”

“நாலெழுத்து படிச்சதும் வாய் நீளுதா?”

காலால் கறுப்பைத் தள்ளிக் காட்டினார். லைன்மேன் தலை நிமிராமல் ஆணி அடிக்கத் தொடங்கினார்.

மகள் சண்டை போடவில்லை. அவள் கேட்டதே ஒரு மரியாதைக்குத்தான். காலையில் அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில், தான் வாங்கி வைத்திருந்த வெள்ளை வயரின் ஒரு முனையை, அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அரிசி டின்னுக்குப் பின்னால் சுவரில் அடித்துப் பழைய ரிசீவரில் முடுக்கியிருந்தாள். இப்போது சுருளைத் தோளில் மாட்டினாள், பெட்டியைத் தூக்கினாள், படியிறங்கினாள்.

“தெருமுனைக்கே பத்தாதும்மா அது,” என்றார் லைன்மேன்.

“பத்தும்ணே.”

பத்தத்தான் செய்தது. வயர் போய்க்கொண்டே இருந்தது, சுருள் இளைக்கவில்லை. தெருமுனையில் காய்கறி வண்டிக்காரர் துணிக்கொடியைத் தூக்குவதுபோல அதைத் தூக்கிவிட்டு வண்டியைத் தள்ளினார். தோளருகே அம்மா குரல் கேட்டது.

“கேக்குதாடி?”

“கேக்குதும்மா,” என்றாள். திரும்பாமல் நடந்தாள்.