மூலைக்குள் வெட்டிவேர்

மாங்குளம் சந்திக் கடையில் தொங்கிய ஒட்டுத்துணிப் போர்வையை முகர்ந்த தவமலர், இழுத்துத் திரும்பவும் முகர்ந்தாள். வெட்டிவேர் மணம். அவள் தைக்கும் போர்வைகளின் மணம். வாசனையை மேலே தெளித்தால் ஒருதரம் தோய்த்ததும் போய்விடும். அவளோ வேரை நிழலில் காயவைத்து, மெல்லிய துணியில் பொட்டலம் கட்டி, போர்வையின் மூலைகளுக்குள் வைத்துத் தைப்பாள். நனைய நனையப் புதிதாய் மணக்கும். அந்த வேலையை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, பக்கத்து வீட்டு நகுலா கெஞ்சிக் கேட்டும்கூட.

"இது ஆர் தைச்சது?"

"நகுலாக்கா. தானே கண்டுபிடிச்சதாம்," என்றான் கடைக்காரன்.

கொதித்துக்கொண்டு நகுலா வீட்டுக்குப் போனாள். நகுலா இல்லை. மகள் சுகந்தினிதான் கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குத் தவமலர் ஆசையாய்த் தைத்துக் கொடுத்த போர்வை சுகந்தினியின் தோளில் கிடந்தது.

"நல்லகாலம் வந்தியள் அன்ரி. இது மூலை அவிண்டு போச்சாம், அம்மா சொன்னவா. ஒருக்காத் தைச்சுத் தாங்கோவன்."

தவமலர் வாங்கி விரித்தாள். ஒரு பொட்டலமும் இல்லை. மூலைகளின் தையலைச் சவரப் பிளேட்டால் நேராக வெட்டியிருந்தது.

"ஓம் பிள்ளை, தைச்சுத் தாறன். நாலு மூலையும் ஒரேயடியாவோ அவிண்டது எண்டு மட்டும் கொம்மாவைக் கேட்டுச் சொல்லு."