ரெட்டைப் பலாவுக்கு எதிர் ஊடு

அடித்து நொறுக்கும் புருஷன் தேவராஜிடமிருந்து தப்பி, பரிமளா கொல்லிமலையில், முன்பு மில்லில் கூட வேலை பார்த்த, அவனைப் பார்த்தேயிராத சிநேகிதி இருசாயி வீட்டில் மூன்று மாதமாக ஒளிந்திருந்தாள். இருசாயியின் மிளகை விற்றுக்கொடுக்க ஓர் இணையதளத்தில் தன் பெயரைப் பதிந்தாள். முகவரிக் கட்டம் கதவு எண் கேட்டது. இந்த வீட்டுக்கு ஏது எண்? வழி கேட்பவருக்குச் சொல்வதுபோலவே எழுதினாள்: 'தேவனூர் நாடு, பஸ் நிக்கிற இடத்துல இறங்கி, ஓடை தாண்டி, ரெட்டைப் பலாவுக்கு எதிர் ஊடு.'

இன்று பார்த்தால் அவள் பெயரோடு அது யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கிறது. பதறிப்போய் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அதை எடுத்துருங்க கண்ணு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அழிக்க முப்பது நாள் ஆகும் மேடம். எல்லாருக்கும் காட்டலாம்னு நீங்கதான் சம்மதம் குடுத்திருக்கீங்க," என்றாள் எதிர்முனைப் பெண்.

"மிளகு வாங்கறவங்களுக்குன்னுதானுங்க எழுதினேன்."

"கவலைப்படாதீங்க மேடம். உங்க தகவல் எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

போனை வைப்பதற்குள் வாசலில் இருசாயியின் குரல் கேட்டது.

"பரிமளா, மிளகு வாங்க ஆள் வந்திருக்குது. வழி தெரியாம ஓடைக்கிட்ட நின்னுச்சு, நான்தான் கூட்டியாந்தேன்."

அவளுக்குப் பின்னால் தேவராஜ் நிதானமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.